காப்பு, சோழி, கட்டம் போட்ட துணி: அடிமை வணிகத்தின் மிச்சங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் அட்லாண்டிக் அடிமை வணிகத்துக்கென்று ஒதுக்கிய அறையில் துருப்பிடித்த விலங்குகளை மட்டும் பார்த்துவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். விலங்கைத் தவிர வேறு என்ன பொருட்கள் எஞ்சியிருக்கின்றன, அவற்றில் எதற்காவது நம் பக்கத்தோடு தொடர்பு உண்டா, இணையத்தில் ‘அடிமை மணி மாலை’ என்று விற்கிறார்களே அதை வாங்கலாமா என்று மூன்று கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். காரணம் பின்னால் வரும்.

நான் முப்பது வருடங்களாகப் பழங்காசு சேகரிப்பவன். அந்த வழியாகத்தான் இந்த விஷயத்துக்குள் நுழைந்தேன். அதனால் என் பார்வையும் காசுக்காரன் பார்வையாகவே இருக்கும். ஆளை எப்படிப் பூட்டினார்கள் என்பதைவிட, ஆளுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர். அக்கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். இடையில் விடுபட்டவர்கள் கடலோடு போனார்கள். இத்தனை பேரில் மிகப் பெரும்பாலோரை ஐரோப்பியக் கப்பல்காரர்கள் தாங்களே பிடிக்கவில்லை. கரையிலிருந்த அரசர்களிடமும் வணிகர்களிடமும் விலை கொடுத்து வாங்கினார்கள். விலை என்றால் தங்கமும் வெள்ளியும் இல்லை, பெரும்பாலும் சரக்கு. அந்தச் சரக்கை யாரோ எங்கோ உட்கார்ந்து உருக்கினார்கள், பொறுக்கினார்கள், நெய்தார்கள்.

இதை எழுதும்போது என் மேசையில் ஒரு காப்பு இருக்கிறது. குதிரை லாடம் போல வளைந்து ஒரு பக்கம் திறந்தது. இரண்டு முனைகளும் ஊதுகுழலின் வாய் போல விரிந்திருக்கின்றன. நிறம் பித்தளையாகவும் இல்லாமல் செம்பாகவும் இல்லாமல் அழுக்குப் பழுப்பு. எடை 80 கிராமுக்குப் பக்கத்தில். பெரிய ஆள் கையில் ஏறாது, குழந்தையின் மணிக்கட்டுக்குத்தான் சரியாக இருக்கும். உட்பக்கம் விரலை ஓட்டினால் வார்ப்பு அச்சின் விளிம்பு நெருடும். அதை அரம் போட்டுத் தேய்க்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. அழகுக்காகச் செய்ததில்லை என்பது அந்த நெருடலிலேயே தெரிந்துவிடும். இதன் பெயர் மனில்லா. மேற்கு ஆப்பிரிக்காவில் பல நூற்றாண்டுகள் இதுதான் பணம்.

தமிழில் காப்பு என்றால் குழந்தைக்குப் போடும் நகை. ‘கையில் காப்பு மாட்டிவிட்டார்கள்’ என்று சொன்னால் போலீஸ் விலங்கு. மனில்லாவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினியக் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியர்கள், அங்குள்ளவர்கள் செம்பையும் பித்தளையையும் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, வளையமாகவே வார்த்துக் கொண்டுவரத் தொடங்கினார்கள். துவார்த்தே பச்சேகு பெரைரா என்ற போர்ச்சுக்கீசிய மாலுமி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய குறிப்பின்படி, பெனின் (இன்றைய நைஜீரியாவில் இருந்த அரசு) பக்கம் ஓர் ஆளின் விலை 12 முதல் 15 வளையங்கள். தேவை பெருகியதும் ஐரோப்பாவின் பெரும் வட்டிக் குடும்பங்களே இதில் இறங்கின. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பம் 1548-ல் போர்ச்சுக்கல் அரசோடு பித்தளை வளையங்கள் வார்த்துத் தர ஒப்பந்தம் போட்டது. பிறகு பிரிஸ்டலும் பர்மிங்காமும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

கப்பலில் வந்த வளையங்களில் ஒரு பகுதியைப் பெனின் அரசின் வார்ப்புக் கலைஞர்கள் உருக்கினார்கள். உலகப் புகழ்பெற்ற பெனின் வெண்கலச் சிற்பங்கள் அப்படித்தான் பிறந்தன. (பெயர்தான் வெண்கலம், பெரும்பாலும் பித்தளை.) இது நெடுநாள் சந்தேகமாக மட்டுமே இருந்தது. அட்லாண்டிக்கில் மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்த மனில்லாக்களில் கலந்துள்ள ஈயத்தை ஆராய்ந்து, அந்த உலோகம் ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதியிலிருந்து வந்தது, சிற்பங்களில் உள்ளதும் அதே வகை என்று 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 1897-ல் ஆங்கிலேயப் படை பெனின் நகரத்தைச் சூறையாடி அள்ளிக்கொண்டுபோன சிற்பங்களை இப்போது நைஜீரியாவுக்குத் திருப்பிக் கொடுத்து வருகிறார்கள். கொடுப்பதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அமெரிக்காவில் வாழும் அடிமை வழித்தோன்றல்கள் சிலர் எழுப்பும் கேள்வியை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. ‘அந்தப் பித்தளை எங்கள் பாட்டன் பாட்டிகளை விற்றதற்குக் கிடைத்த விலை. அதில் எங்களுக்குப் பங்கில்லையா?’ என்கிறார்கள்.

மனில்லா அடிமை வணிகத்தோடு ஒழிந்துபோனது என்று எண்ணிவிட வேண்டாம். பாமாயில் வணிகத்தில் அது தொடர்ந்து புழங்கியது. ஆங்கிலேய அரசு 1948-ல்தான் அவற்றைத் திரும்ப வாங்கத் தொடங்கி, 1949 ஏப்ரலில் செல்லாக் காசு என்று அறிவித்தது. அப்போது திரட்டியவை 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். எல்லாவற்றையும் காயலான் கடைச் சரக்காக விற்றுவிட்டார்கள். என் கையில் இருப்பதும் பர்மிங்காமில் வார்த்த பிற்காலத்து வகைதான். எனக்கு விற்ற வியாபாரி ‘இது 1600-களில் ஒரு மனிதனின் விலை’ என்று கண்ணீர் வராத குறையாகச் சொன்னார். நான் அப்போது நம்பினேன்.

அடுத்தது சோழி. இது நம் வீட்டுப் பொருள். தாயம் உருட்டுகிறோம், சோதிடர் பிரசன்னம் பார்க்கிறார், நாட்டு மருந்துக் கடையில் பலகறை என்று கேட்டால் பற்பம் செய்யக் கொடுப்பார்கள். பணமாகப் புழங்கிய சின்ன மஞ்சள் சோழியின் பெரும் விளைநிலம் மாலத்தீவு. தென்னங்கீற்றுகளைக் கட்டிக் கடலில் மிதக்கவிட்டால் சோழிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். கரைக்கு இழுத்து, மணலில் புதைத்து, உள்ளிருக்கும் சதை அழுகியதும் கழுவி எடுப்பார்கள். நாற்றம் தாங்காத வேலை. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் வாழ்ந்த இபின் பதூதா, பிறகு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனபோது அதே சோழி அங்கே ஒரு தங்கத் தினாருக்கு 1,150 என்று மாறுவதைப் பார்த்தார். அந்தக் காலத்தில் அது அரபு வணிகர்கள் வழியாகப் பாலைவனம் கடந்து போனது.

ஐரோப்பியர்கள் அதைக் கப்பல் வழிக்கு மாற்றினார்கள். மாலத்தீவுச் சோழி இலங்கைக்கும் வங்காளத்துக்கும் வந்தது. டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்தும் ஆங்கிலேயர்கள் வங்காளத்திலிருந்தும் ஏற்றினார்கள். கப்பல் ஆடாமல் இருக்க அடியில் கல்லும் மணலும் நிரப்புவார்கள் அல்லவா, அந்த அடிபாரத்தின் இடத்தில் சோழி மூட்டைகளைப் போட்டார்கள். மேலே மிளகும் துணியும், கீழே சோழி. ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் ஏலம். அங்கே வாங்கியவர்கள் அடிமைக் கப்பல்காரர்கள். 18ஆம் நூற்றாண்டில் மட்டும் இப்படி மேற்கு ஆப்பிரிக்காவில் இறங்கிய சோழிகள் ஆயிரம் கோடிக்கு மேல் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. உலகத்தையே முக்கால் சுற்றுச் சுற்றி வந்த இந்தச் சிப்பியை வியாபாரிகள் 40 சோழிக்கு ஒரு சரம் என்று கோத்து எண்ணினார்கள். 4,000 சேர்ந்தால் பெரிய அலகு. பேரேட்டில் அதற்கு ‘கபேஸ்’ என்று பெயர். தலை என்று பொருள்படும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது.

சோழியால் எந்தப் பயனும் இல்லை, ஆப்பிரிக்கர்களை ஏமாற்றிச் சிப்பியைக் கொடுத்தார்கள் என்று பள்ளிப் பாடங்களில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கள்ளக்காசு அடிக்க முடியாதது, அரிக்காதது, எண்ண எளிதானது, சந்தையில் ஒரு கிழங்கு வாங்கும் அளவுக்குச் சில்லறையாகப் பிரியக்கூடியது. அதைவிட நல்ல பணம் அன்று அந்தச் சந்தையில் வேறு இல்லை. வாங்கியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். சோழி உடைந்திருந்தால் தள்ளிவிடுவார்கள், அளவு பெரிதாக இருந்தால் விலையைக் குறைப்பார்கள்.

அதே கறார் துணியிலும் இருந்தது. நம் பக்கத்துத் தொடர்பு முழுக்க விரிவது இங்கேதான்.

18ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்குப் போன ஆங்கிலச் சரக்கை மதிப்பு வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் துணிதான். அதில் கணிசமான பங்கு இந்தியத் துணி. குஜராத், வங்காளம், சோழமண்டலக் கரை மூன்றுமே அனுப்பின. கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குகளில் ‘கினித் துணி’ என்றே ஓர் இனம் உண்டு. எந்தக் கரைக்குப் போகிறதோ அந்தக் கரையின் பெயரையே துணிக்கு வைத்துவிட்டார்கள். அவுரியில் தோய்த்த கருநீலத் துணி புதுச்சேரியிலிருந்து செனகல் வரை போனது. பழவேற்காட்டின் கட்டம் போட்ட துணி மலாய் நாட்டுக்கு லுங்கியாகப் போய் ‘பெலிகாட்’ என்ற பெயரில் இன்றும் அங்கே வாழ்கிறது. அதன் நெருங்கிய சொந்தமான மெட்ராஸ் கைக்குட்டை மேற்குக் கடலுக்குப் போனது. கைக்குட்டை என்றால் மூக்குத் துடைக்கும் துண்டில்லை. ஒரு கெஜத்துக்கு ஒரு கெஜம் சதுரம், தலையில் கட்டவும் இடுப்பில் சுற்றவும் ஆகும்.

இங்கிலாந்தில் நடந்த ஒரு கூத்து இதைத் தூண்டிவிட்டது. இந்தியத் துணி வந்து தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது என்று அங்கத்து நெசவாளர்கள் தெருவில் இறங்கியதால், 1700-லும் 1721-லும் சட்டம் போட்டுச் சீட்டித் துணிகளைத் தடுத்தார்கள். ஆனால் தடை உள்நாட்டு உபயோகத்துக்குத்தான், மறு ஏற்றுமதிக்கு இல்லை. லண்டன் கிடங்குகளில் குவிந்த இந்தியத் துணிக்கு ஆப்பிரிக்கக் கரை நல்ல வடிகாலாகிவிட்டது. மான்செஸ்டர்காரர்கள் அதைப் பார்த்து நகல் எடுக்க முயன்றார்கள். கினியக் கரையில் வாங்குபவர்கள் துணியைக் கசக்கி, நனைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்து, ‘இது இந்தியச் சரக்கு இல்லை’ என்று திருப்பி எறிந்த காலம் உண்டு. லங்காஷையர் பருத்தித் தொழில் சாயம் போடக் கற்றுக்கொண்டதற்கு அந்த அவமானமும் ஒரு காரணம்.

செங்கல்பட்டுப் பக்கம் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த நெசவாளருக்குத் தன் துணி எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வழியே இல்லை. முன்பணம் கொடுத்தவர் ஒரு வணிகர். அவருக்கு மேலே துபாஷி என்ற மொழிபெயர்ப்புத் தரகர். அவருக்கு மேலே கோட்டைக் கிடங்கு. அப்புறம் லண்டன் ஏலம், லிவர்பூல் கப்பல். ஐந்தாறு கை மாறித்தான் ஒரு பெண்ணோ பையனோ அந்தத் துணிக்கு ஈடாகப் படகில் ஏற்றப்பட்டார்கள். நெசவாளர் மீது பழி போட நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் ‘அது வெள்ளைக்காரனுக்கும் கறுப்பருக்கும் நடந்த கதை, நமக்கென்ன’ என்பவர்களுக்கு அந்தத் துணியை ஒருமுறை காட்டத் தோன்றும்.

நைஜர் நதியின் கழிமுகத்தில் கலபாரி என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஊர் அந்தக் காலத்தில் பெரிய அடிமைத் துறைமுகம். மெட்ராஸ் துணியை அவர்கள் ‘இஞ்சிரி’ என்கிறார்கள். அதை வாங்கி அப்படியே கட்டிவிட மாட்டார்கள். பெண்கள் பிளேடை வைத்துக்கொண்டு கட்டங்களுக்குள் குறிப்பிட்ட சில இழைகளை மட்டும் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். வெளிர்நிற இழை போனதும் கருநிற இழைகள் நெருங்கி, நெய்தவர் நினைத்தே பார்க்காத புது வடிவம் ஒன்று எழும். துணி சல்லடை மாதிரி லேசாகிவிடும், கிழியாது. ‘பெலெதே பிதே’ என்று அதற்குப் பெயர், அறுத்த இழைத் துணி. பிறப்பிலும் இறப்பிலும் அது இல்லாமல் சடங்கு நடக்காது. ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோது நம்மூர் பாவும் ஊடையும் அடியில் தெரிந்தன. மேலே தெரிந்த பூ முழுக்க அவர்களுடையது.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் அதே துணி. மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா ஆகிய கரீபியன் தீவுகளில் பெண்களின் மரபுத் தலைக்கட்டுக்கு இன்றும் ‘மத்ராஸ்’ என்றுதான் பெயர். அமெரிக்காவின் லூசியானாவில் 1786-ல் ஸ்பானிய ஆளுநர் மிரோ, கறுப்பினப் பெண்கள் கூந்தலை அலங்கரிக்கக் கூடாது, துணியால் மூடிக் கட்ட வேண்டும் என்று ஆணை போட்டார். அவர்கள் பளிச்சென்ற துணியை எடுத்து, கிரீடம் மாதிரி உயர்த்திக் கட்டினார்கள். ஆணையை மீறவும் இல்லை, அடங்கவும் இல்லை. பின்னால், பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் போனபோது, 1853-லிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களையே ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். அவர்கள் கரையிறங்கியபோது தங்கள் ஊர்த் துணி தங்களுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

இனி இரும்புக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த விலங்குகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கம்பியில் இரண்டு வளையம், ஒருவரின் வலது காலும் அடுத்தவரின் இடது காலும் சேர்த்துப் பூட்டப்படும். இவற்றில் வரலாறு உறுதியாகத் தெரிந்தவை மூழ்கிய கப்பல்களிலிருந்து வந்தவையே. ஹென்றியெட்டா மேரி என்ற ஆங்கிலக் கப்பல் 1700-ல் ஜமைக்காவில் 190 பேரை விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் ஃபுளோரிடாவுக்கு அப்பால் மூழ்கியது. 1972-ல் புதையல் தேடியவர்கள் கண்ணில் பட்டது. 1983-ல் கப்பலின் மணி கிடைத்தது, அதில் பெயரும் 1699 என்ற ஆண்டும் பொறித்திருந்தன. எண்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள், செப்பு அண்டா, ஈயப் பாத்திரங்கள், கண்ணாடி மணிகள் எல்லாம் வெளியே வந்தன. விலங்குகளில் சில பெரியவர்கள் காலுக்குச் சேராத அளவு சின்னவை.

1787-ல் தாமஸ் கிளார்க்சன் என்ற இளைஞர் அடிமை வணிகத்துக்கு எதிராக ஆதாரம் திரட்ட லிவர்பூல் போனார். ஒரு கடையின் கண்ணாடிச் சாளரத்தில் கைவிலங்கும் கால்விலங்கும் கட்டைவிரலை நசுக்கும் திருகும் விற்பனைக்கு இருந்தன. பக்கத்தில் கவராயம் போன்ற இன்னொரு கருவி. அது எதற்கு என்று கடைக்காரரைக் கேட்டார். அடிமைகள் சாப்பிட மறுத்து வாயை மூடிக்கொண்டால், இதன் இரண்டு முனைகளைப் பல்லிடுக்கில் செருகித் திருகினால் தாடை திறக்கும், அப்புறம் ஊட்டலாம் என்று அவர் விளக்கினார். மருத்துவர்கள் தாடை இறுகிய நோயாளிக்கு வைத்திருந்த கருவி அது. கிளார்க்சன் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். கத்திரிக்கோல் விற்பது போல ஒரு கடைவீதியில் அதை விற்றார்கள், கடைக்காரர் ஒளிவுமறைவின்றிப் பயன்பாடும் சொன்னார் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

கிளார்க்சனிடம் ஒரு மரப்பெட்டியும் இருந்தது. அது இப்போது அவர் பிறந்த ஊரான விஸ்பெக்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஆப்பிரிக்கத் துணி, மிளகு, விதைகள், மரத்துண்டுகள், வேலைப்பாடுள்ள கத்திகள். ‘அந்த நாட்டில் வாங்க இத்தனை நல்ல சரக்கு இருக்கும்போது மனிதரை ஏன் வாங்குகிறீர்கள்?’ என்பது அந்தப் பெட்டியின் வாதம். வியாபாரிகளிடம் வியாபாரி மொழியில் பேசினார். கெட்டிக்காரர்.

கிளார்க்சன் சேர்ந்திருந்த ஒழிப்பு இயக்கத்தின் பெரிய ஆயுதம் ஒரு படம். புரூக்ஸ் என்ற லிவர்பூல் கப்பலின் தளங்களில் ஆட்களை எப்படி அடுக்குவது என்று மேலிருந்து பார்த்தபடி வரைந்தது. 1788 இறுதியில் பிளைமவுத்தில் அச்சாகி, அடுத்த ஆண்டு லண்டனில் விரிவாக வெளிவந்தது. வயதுவந்த ஆணுக்கு ஒதுக்கிய இடம் 6 அடி நீளம், 16 அங்குல அகலம். ஒரு முழம்கூட இல்லை. ரயில் படுக்கை குறுகல் என்று அலுத்துக்கொள்கிறோமே, அதைவிடக் குறைவு. ஏற்றும் ஆட்களுக்கு வரம்பு வைத்த புதுச் சட்டப்படி அந்தக் கப்பலில் 454 பேரை ஏற்றலாம். படத்தில் 482 உருவங்கள் இருக்கின்றன. சட்டம் வருவதற்கு முன் அதே கப்பல் ஒரு பயணத்தில் 609 பேரைக் கொண்டுபோயிருக்கிறது: ஆண்கள் 351, பெண்கள் 127, சிறுவர்கள் 90, சிறுமிகள் 41. காகிதத்தில் எவ்வளவு நெருக்கி வரைந்தும் 609 உருவங்களுக்கு இடம் வைக்க முடியவில்லை. படத்தின் ஒரே குறை, உருவங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி முகமில்லாமல் கிடப்பது. கப்பல் முதலாளியின் பேரேடும் அப்படித்தான் அவர்களைப் பார்த்தது.

வெட்ஜ்வுட் என்ற பீங்கான் தொழிலதிபர் 1787-ல் செய்த சிறு பதக்கம், முழந்தாளிட்டுச் சங்கிலியோடு கைகூப்பும் மனிதரின் உருவம், ‘நான் மனிதனில்லையா, சகோதரனில்லையா’ என்ற வாசகம், இதெல்லாம் எங்கும் கிடைக்கும் தகவல். சீமாட்டிகள் அதைக் கொண்டை ஊசியில் பதித்து நாகரிகமாக்கினார்கள். எனக்கு அந்தப் பதக்கம் அவ்வளவாகப் பிடிக்காது. கெஞ்சுபவராக மட்டுமே காட்டுகிறது.

அதைவிடச் சுவாரசியமானது ஒரு சர்க்கரைக் கிண்ணம். 1820-களில் செய்த நீலக் கண்ணாடிக் கிண்ணம், பொன்னெழுத்தில் ‘கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல’ என்று எழுதியிருக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. கரீபியன் கரும்புத் தோட்டத்துச் சர்க்கரையை ஒதுக்குங்கள், இந்தியச் சர்க்கரையை வாங்குங்கள் என்ற பிரசாரம். நல்ல எண்ணம்தான். ஆனால் அதே ஆண்டுகளில் தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் பண்ணையாட்களை நிலத்தோடு சேர்த்து விற்பதையும் அடகு வைப்பதையும் கம்பெனியின் வருவாய்த்துறைக் கடிதங்களே பேசிக்கொண்டிருந்தன. இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை விலக்கிய சட்டம் 1843-ல்தான் வந்தது. பொன்னெழுத்து கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.

சென்னையோடு தொடர்புள்ள இன்னொரு பொருள், கழுத்துப்பட்டை. பட்டையே கிடைக்கவில்லை, ஓவியத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு ஏல், 1687 முதல் 1692 வரை நம் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். அவர் சொத்துச் சேர்த்தது இங்கேதான். அவர் காலத்தில் இந்தக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். அது அட்லாண்டிக் வணிகம் இல்லை, இந்தியப் பெருங்கடல் வணிகம், தனிக் கதை. லண்டன் திரும்பிய பிறகு, சுமார் 1719-ல் வரைந்த ஓவியத்தில் ஏல் செல்வந்தர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார். ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன். நல்ல உடை, கழுத்தில் உலோகப் பட்டை, அதில் பூட்டு. அவன் பெயர் தெரியாது. 2020-ல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் அந்த ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அந்தச் சிறுவனைப் பற்றித் தேடிய பிறகு மீண்டும் மாட்டியது.

இப்போது மணி மாலை. வெனிஸ் கண்ணாடி மணிகள் அடிமை வணிகத்தில் புழங்கியது உண்மை. ஆனால் இணையத்தில் விற்கும் பூப்போட்ட பல நிற மணிகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்தவை. அட்லாண்டிக்கில் அடிமைக் கப்பல் நின்ற பிறகு, தந்தத்துக்கும் பாமாயிலுக்கும் போனவை. ‘அடிமை மணி’ என்ற பெயரை ஒட்டினால் விலை ஏறுகிறது, அவ்வளவுதான். விலங்குகளின் நிலை இன்னும் மோசம். அமிலத்தில் ஊறப்போட்டுத் துருவேற்றிய புது இரும்பு, சிறைக் கைவிலங்கு, கால்நடைச் சங்கிலி எல்லாம் அந்தப் பெயரில் வருகின்றன. அமெரிக்காவின் சார்லஸ்டன் நகரில், கூலிக்கு அனுப்பப்படும் அடிமை அணிய வேண்டிய செப்பு வில்லை ஒன்று இருந்தது. ஊர்ப் பெயர், எண், தொழில், ஆண்டு பொறித்திருக்கும்: வேலைக்காரர், சுமைகாரர், மீன்காரர் என்று. சேகரிப்பாளர்கள் அதற்குப் பெரிய விலை கொடுப்பதால் போலிகள் மலிந்துவிட்டன. வேறு ஊர்களின் பெயர் போட்ட வில்லைகளைக்கூட நான் பார்த்திருக்கிறேன். ஆண்டுதோறும் வில்லை அடித்த ஊர் சார்லஸ்டன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையானதாகவே இருந்தாலும், ஒரு மனிதரின் மார்பில் தொங்கிய எண்ணை நான் என் அலமாரியில் வைக்க விரும்பவில்லை. மனில்லாவோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த முறை லண்டன் போனால், விலங்குகளைத் தாண்டி ஒரு மேளத்தைத் தேடிப் பாருங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தொடக்கத் தொகுப்பைச் சேர்த்த ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவருக்கு 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வர்ஜீனியாவிலிருந்து வந்த பொருள் அது. அவர் மனைவி வழியில் ஜமைக்காக் கரும்புத் தோட்ட வருமானமும் அவருக்கு உண்டு. செவ்விந்தியர் மேளம் என்று பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டார்கள். நெடுங்காலத்துக்குப் பிறகுதான் அதன் வடிவமும் மரமும் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை, இன்றைய கானாப் பக்கத்து அகான் மக்களின் கைவேலை என்று தெரிந்தது. அடிமைக் கப்பல்களில் ஆட்கள் சோர்ந்து செத்துவிடாமல் இருக்கத் தினமும் மேல்தளத்துக்கு ஏற்றி, மேளம் தட்டி, சவுக்கைக் காட்டி ஆடவைப்பார்கள். அப்படித்தான் இதுவும் கடல் கடந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

மேளத்தின் தோல் மான் தோல். அதுவும் ஆப்பிரிக்காவில் போர்த்தியதுதானா, அல்லது பழைய தோல் கிழிந்த பிறகு வர்ஜீனியாவில் யாரோ காட்டு மான் தோலைப் பதப்படுத்தி, நனைத்து, அந்தப் பழைய முளைகளிலேயே மறுபடி இழுத்துக் கட்டினார்களா என்று யோசித்துக்கொண்டு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். இழுத்துக் கட்டியவர் அதை யாருக்காக வாசித்தார் என்பது பதிவேட்டில் இல்லை.